சித்திரைக்குச் சாறி விளம்பரம்: எந்தத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது?

தறிச்சத்தம், மருதமுனை | 20 ஜனவரி 2026

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாப்பாவுக்கு மூன்று தறி இருக்கிறது. சாறியும் சாறனும் நெய்கிறோம். நெய்வது அவர் வேலை, விற்பது இரண்டு வருடமாக என் பொறுப்பு.

போன வருடம் சித்திரை வருடப்பிறப்புக்கென்றே 40 சாறி போட்டோம். ஜனவரியில் நூல் வாங்கி, பெப்ரவரியில் சாயம் போட்டு, மார்ச்சில் நெய்து முடித்து, அப்புறம் போட்டோ, அப்புறம் நோட்டீஸ் என்று ஒன்று முடிய ஒன்றாகப் போனோம். பேஸ்புக் விளம்பரம் ஏப்ரல் 5ஆம் திகதிதான் ஓடத் தொடங்கியது. ஒன்பது நாள் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். 60 பேர் மெசேஜ் போட்டார்கள். விற்றது 17 சாறி. மற்றவர்களில் பெரும்பாலானோர் கேட்டது ஒரே கேள்வி: "இனி எடுத்து எப்போது பிளவுஸ் தைப்பது?" மீதி 23 சாறியும் அலுமாரிக்குள் போனது. வாப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இடைக்கிடை அவற்றை வெளியே எடுத்து, ஒரே மடிப்பில் கிடந்தால் நூல் இற்றுவிடும் என்று மடிப்பு மாற்றி வைப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த முறை கடைசித் திகதியை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வரலாம் என்று இருக்கிறேன். ஏப்ரல் 14 செவ்வாய். மார்ச் 25 அரசாங்கச் சம்பளம். அன்று விளம்பரத்தைத் தொடங்கி ஏப்ரல் 10 வரை ஓட்டினால் சரிவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை, மட்டக்களப்பு | 20 ஜனவரி

தங்கச்சி, பின்னோக்கி எண்ணுவது சரி. எண்ணத் தொடங்கிய இடம்தான் பிழை. ஏப்ரல் 14 உங்கள் கடைசித் திகதி இல்லை. அது வாங்கியவர் உடுத்தும் நாள். உங்களுடைய கடைசித் திகதி, வாங்குகிறவருக்கு "இனி எடுத்துப் பயனில்லை" என்று தோன்றும் நாள். அந்த 60 பேரில் பலர் போன வருடம் அதைத்தானே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் சின்னக் கடைகளுக்கு பேஸ்புக் விளம்பரம் போட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பலர் பெரிய நாளைச் சுற்றி வட்டம் போட்ட கலண்டரோடு வருவார்கள். நான் முதலில் கேட்பது: உங்கள் பொருள் வாங்கியவர் கைக்குப் போன பிறகு இன்னும் யார் கைக்குப் போக வேண்டும்? கேக் என்றால் யாரிடமும் இல்லை. சாறி என்றால் தையல்காரரிடம்.

ஊசிநூல், கல்லடி | 20 ஜனவரி

நான் அந்தத் தையல்காரி. என் கணக்கை அப்படியே எழுதுகிறேன், உதவும்.

இந்த வருடம் நோன்புப் பெருநாள் ஏறக்குறைய மார்ச் 21 சனிக்கிழமை. அதுவரைக்கும் பெருநாள் தையல்தான் மேசை நிறைய. 22இலிருந்து ஏப்ரல் 11 வரை எண்ணினால் 21 நாள். அதில் மூன்று ஞாயிறு, ஏப்ரல் 3 பெரிய வெள்ளி, நான்கும் போனால் 17 நாள். நானும் ஒரு பிள்ளையும் சேர்ந்து லைனிங் வைத்து ஒரு நாளைக்கு நான்கு பிளவுஸ் முடிப்போம். ஆக 68. அதில் 40க்கு மேல் வருடா வருடம் வருகிற என் ஆட்களுடையது. மிச்சம் 25, 28 பிளவுஸ்தான் புதிதாக எடுக்க முடியும். மார்ச் 27, 28இல் "இனி எடுக்கமாட்டோம்" என்று கதவில் எழுதி ஒட்டிவிடுவேன். எனக்குத் தெரிந்த மற்றத் தையல்காரர்களும் ஏறக்குறைய அந்தக் கிழமையில்தான் நிறுத்துவார்கள்.

நீங்கள் 25ஆம் திகதி விளம்பரம் தொடங்கினால், சாறி என் கதவுக்கு வரும்போது கதவு பூட்டியிருக்கும் புள்ள.

தறிச்சத்தம் | 20 ஜனவரி

அக்கா, இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அப்படியென்றால் சாறி மார்ச் 27இல் வாங்கியவர் கையில் இருக்க வேண்டும். கூரியருக்கு மூன்று நாள் விட்டால் 24ஆம் திகதி இங்கிருந்து போக வேண்டும். ஆனால் சம்பளம் 25! சம்பளம் வர முன்னம் யார் சாறி எடுப்பார்கள்?

மேலே இன்னொன்று. 21 பெருநாள். 24 வரைக்கும் எங்கள் தறி ஓடாது, வீட்டில் யாரும் பார்சலும் கட்டமாட்டார்கள். அப்படியென்றால் 19, 20க்குள் எல்லாம் போயிருக்க வேண்டும்.

வெல்லாவெளியான் | 20 ஜனவரி

எல்லாரும் சம்பளம் சம்பளம் என்கிறீர்கள். படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, எங்களுக்குச் சம்பளம் வயல்தான். பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற காசு கையில் இருக்கும் மாதம் மார்ச். என் வீட்டில் வருடப்பிறப்பு உடுப்பு எடுப்பது அந்தக் காசில்தான், 25ஆம் திகதியைப் பார்த்து இல்லை. மார்ச் முதல் கிழமையில் எங்கள் பக்கம் விளம்பரம் காட்டுங்கள், வாங்க ஆள் இருக்கிறது. ஒரே சிக்கல், உள்ளூருக்குள் கூரியர் வீட்டு வாசலுக்கு வராது. களுவாஞ்சிக்குடியில் ஒரு கடையில் பொறுப்புக் கொடுத்து, அங்கே வந்து எடுக்கச் சொன்னால் சந்தை நாளில் வந்து எடுத்துப் போவார்கள்.

வாவிக்கரை | 20 ஜனவரி

அண்ணன் சொன்னது பெரிய விஷயம். கடற்கரைப் பக்கம் எழுவான்கரைக்கு ஒரு திகதி, படுவான்கரைக்கு ஒரு திகதி. பேஸ்புக்கில் இடம் குறித்து விளம்பரம் காட்டலாம், ஆகவே இரண்டையும் தனித்தனியாக ஓட்ட முடியும்.

சம்பளக்காரருக்கு பெப்ரவரி 25ஐப் பிடியுங்கள். முழுக்காசு கேட்க வேண்டாம், 1,000 ரூபா முற்பணம் கட்டி நிறத்தைப் பதியட்டும். மிச்சத்தை மார்ச் சம்பளத்தில் கொடுக்கட்டும்.

ஊசிநூல் | 21 ஜனவரி

இரவு முழுக்க இதையே யோசித்தேன். எனக்குச் சாறி வேண்டாம் புள்ள, பிளவுஸ் துண்டு மட்டும் போதும். சாறி உடுத்தும் நாளில்தான் தேவை. துண்டைத்தான் நான் மார்ச் 27க்குள் காண வேண்டும். வெட்டி முதலில் அனுப்பினால் என்ன?

தறிச்சத்தம் | 21 ஜனவரி

அக்கா!! வாப்பாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "நெய்யும்போதே துண்டைத் தனியாக அறுத்து எடுக்கலாம், அதற்கென்ன" என்றார். பிளவுஸ் துண்டு சாறியின் கடைசியில்தான் வரும், அதே பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்), அதே நூல். வேண்டுமானால் துண்டுகளை மட்டும் வரிசையாக முதலில் நெய்துவிட்டுச் சாறியைப் பிறகு நெய்யலாமாம். சாயம் ஒரே தடவையில் போட்டிருந்தால் நிறம் மாறாது. இரண்டு தடவை போட்டால்தான் ஒரு சாயல் கூடக் குறைய வரும்.

காத்தான்குடிக் கடை | 21 ஜனவரி

நான் 30 வருடம் துணிக்கடையில் நிற்கிறவன். எல்லாரும் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போகிறீர்கள், யாரும் தறியைக் கேட்கவில்லை. பின்னோக்கி எண்ணினால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திகதி வரும், சரி. அந்தத் திகதிக்குள் அந்த வேலை முடியுமா என்று கையும் தறியும்தான் சொல்ல வேண்டும். 200 பேரைக் கூப்பிட்டு வைத்துவிட்டு 50 சாறி மட்டும் கையில் இருந்தால், மிச்சம் 150 பேர் அடுத்த வருடம் உங்கள் பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்புவார்கள். விற்காத சாறியை அடுத்த வருடம் விற்கலாம். கசந்து போன ஆளைத் திரும்பக் கூப்பிட முடியாது.

மகள், முதலில் சொல்லுங்கள், பெப்ரவரியிலிருந்து எத்தனை சாறி நெய்ய முடியும்? நோன்பில் தறி எப்படி ஓடும்?

தறிச்சத்தம் | 21 ஜனவரி

காக்கா, வாப்பாவோடு இருந்து எண்ணினேன்.

சாதாரண நாளில் ஒரு தறியில் இரண்டு நாளைக்கு ஒரு சாறி. வெள்ளிக்கிழமை லீவு. நோன்பில் பகலில் கை தளரும், மூன்று நாளைக்கு ஒன்று என்று வைத்தோம். பெப்ரவரி 9இல் பாவு ஏற்றினால் நோன்பு தொடங்கும் வரை (பிறை பார்த்துத்தான், ஏறக்குறைய 19ஆம் திகதி) ஒன்பது வேலை நாள், மூன்று தறியிலும் 13 சாறி. நோன்பில் 25 வேலை நாள், 24 சாறி. பெருநாள் கழிந்து மார்ச் 25இலிருந்து ஏப்ரல் 4 வரை ஒன்பது நாள், இன்னும் 13. எல்லாமாக 50.

முதல் 37க்கும் துண்டும் சாறியும் சேர்ந்தே பெருநாளுக்கு முன் போய்விடும். பெருநாளுக்குப் பிறகு நெய்யும் 13க்கு மட்டும்தான் துண்டு முந்த வேண்டும். 13 துண்டு ஏறக்குறைய இரண்டு சாறி நீளம். அதை முதலில் நெய்தால் இரண்டு சாறி குறையும். ஆக 48. நான் மனதில் 100 வைத்திருந்தேன்.

சீமெந்துத்தம்பி, அக்கரைப்பற்று | 21 ஜனவரி

ராத்தா, நீங்களும் காக்காவும் இப்போது செய்தது எங்கள் கட்டட வேலையில் நாங்கள் தினமும் செய்வது. 1957 அளவில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கிய முறை. முதலில் தொடக்கத்திலிருந்து முன்னோக்கி எண்ணி, ஒவ்வொரு வேலையும் ஆகக் கூடிய விரைவில் எப்போது தொடங்கலாம் என்று குறிப்போம். பிறகு முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆகப் பிந்தி எப்போது தொடங்கலாம் என்று குறிப்போம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாட்களுக்குப் பெயர் ஃபுளோட். அது பூச்சியமாக இருக்கிற வேலைகள்தான் முழு வேலையின் நீளத்தையும் தீர்மானிக்கும்.

நோட்டீஸ் அச்சடிப்பது நான்கு நாள் பிந்தினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு ஃபுளோட் இருக்கிறது. சாயம் நான்கு நாள் பிந்தினால் பாவு பிந்தும், மாதிரிச் சாறி பிந்தும், போட்டோ பிந்தும், விளம்பரம் பிந்தும். கவலைப்படுவதென்றால் சாயத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஸ்லாப் போடும் நாளில் கம்பிக்காரன் வராவிட்டால் பெயின்ட் வாங்கி வைத்து என்ன பயன்?

மாமாங்கத்தான் | 22 ஜனவரி

சாயம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வருடப்பிறப்பு அன்று என்ன நிறம் உடுக்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் போடுவார்கள். பஞ்சாங்கம் இரண்டு வகை: வாக்கியத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று. சில வருடம் இரண்டிலும் நிறம் வேறுபடும். புண்ணிய காலத்தில் மருத்துநீர் வைத்துத் தோய்ந்து அந்த நிறத்தில் உடுத்த வேண்டும் என்று என் வீட்டுப் பெண்கள் தேடித் திரிவார்கள். பத்திரிகையில் வரும்போது வருடப்பிறப்பு வாசலில் நிற்கும், அப்போது பார்த்துச் சாயம் போட முடியாது. பிறக்கப்போகும் பராபவ வருடத்துப் பஞ்சாங்கத்தைக் கையில் எடுக்கும்வரை சாயத் தொட்டியைத் திறக்க வேண்டாம் மகள். உங்களுக்குத் தெரிந்த கோயில் குருக்களிடம் கேட்டால் நேரத்தோடு சொல்வார். இரண்டு பஞ்சாங்க நிறத்திலும் நெய்யுங்கள். கரையில் அந்த நிறம் இருந்தாலும் போதும் என்று எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தறிச்சத்தம் | 22 ஜனவரி

ஐயா, போன வருடம் நாங்கள் எங்களுக்குப் பிடித்த மயில் நீலத்தில் பாதிக்கு மேல் நெய்தோம். யாரும் நிறம் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களுக்கு மிகவும் நன்றி.

வந்தாறுமூலை மாணவி | 22 ஜனவரி

முகாமைத்துவம் படிக்கிறேன், ஒரு ஆய்வு ஞாபகம் வந்தது. 1994இல் கனடாவில் பியூலரும் இரண்டு பேரும் செய்தது. கடைசி வருட மாணவர்களிடம் ஆய்வுக்கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே பிழைத்துப் போனால்? 48.6 நாள். உண்மையில் எடுத்தது 55.5 நாள். அதாவது ஆக மோசமாக நினைத்ததைவிடவும் கூட. காரணம், மனதுக்குள் வேலை நடக்கிற மாதிரி ஓட்டிப் பார்த்துத்தான் நாள் சொல்கிறோம், போன தடவை எத்தனை நாள் எடுத்தது என்று பார்ப்பதில்லை. அக்கா, போன வருடம் சாயத்துக்கு எத்தனை நாள் எடுத்தது, கொப்பியில் எழுதியிருக்கிறீர்களா?

தறிச்சத்தம் | 22 ஜனவரி

வாப்பாவின் நூல் கொப்பியைப் பார்த்தேன் தங்கச்சி. ஐந்து நாள் என்று சொல்லித் தொடங்கி ஒன்பது நாள் எடுத்திருக்கிறது. மழை இருட்டில் நூல் காயவில்லை, இரண்டு கட்டைத் திரும்பப் போட்டிருக்கிறார். அச்சகம் மூன்று நாள் என்று சொல்லிப் பத்தாம் நாள் தந்தது, அதில் விலையும் பிழை. இந்த முறை சாயத்துக்கு ஒன்பது, அச்சுக்குப் பத்து என்றே போடுகிறேன்.

வாவிக்கரை | 22 ஜனவரி

இனி விளம்பரப் பக்கத்தைச் சொல்கிறேன், இதிலும் ஒளிந்திருக்கிற நாட்கள் உண்டு.

பேஸ்புக்கில் விளம்பரம் போட்டவுடன் ஓடாது. பரிசீலனைக்குப் போகும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடியும், சில சமயம் கூடவும் எடுக்கும். ஓடத் தொடங்கிய பிறகும் யாருக்குக் காட்டுவது என்று அது பழகும் காலம் ஒன்று இருக்கிறது. ஒரு கிழமைக்குள் 50 அளவில் பதில் கிடைத்தால்தான் அது நிலைக்கு வரும். நடுவில் படத்தையோ காசையோ பெரிதாக மாற்றினால் திரும்ப முதலிலிருந்து பழகும். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, ஆள் வரவில்லை என்று மாற்றி, திரும்ப மாற்றி, இப்படியே மாதக் காசைக் கரைத்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். ஆகவே பெப்ரவரி 25இல் ஆட்கள் முற்பணம் கட்ட வேண்டும் என்றால் விளம்பரம் 16, 17ஆம் திகதிகளிலேயே ஓட வேண்டும். "வாங்குங்கள்" என்ற இலக்கை விட்டு "மெசேஜ் போடுங்கள்" என்பதை வையுங்கள். 48 சாறி விற்கிற இடத்தில் 50 விற்பனைப் பதில் எங்கே கிடைக்கும்? மெசேஜ் என்றால் கிடைக்கும்.

வங்கி அட்டையை இப்போதே சரிபாருங்கள். வெளிநாட்டு இணையக் கட்டணத்துக்குத் திறந்துவிட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் விளம்பர நாளன்று தவித்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அப்புறம் வட்ஸ்அப். அதன் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். போன வருடம் மெசேஜ் போட்ட 60 பேர் இருக்கிறார்களே, அவர்களை இன்றே கூப்பிட்டு, "இந்த முறை நேரத்தோடு தருகிறோம், எங்கள் இலக்கத்தைச் சேமித்து வையுங்கள்" என்று சொல்லுங்கள். பிளவுஸ் தைக்க நேரமில்லாமல் திரும்பிப் போனவர்கள்தான் அவர்களில் பலர். சாறி பிடிக்காமல் போனவர்கள் இல்லை. அவர்களில் 20 பேர் வந்தாலே விளம்பரக் காசு பாதியாகக் குறையும்.

காத்தான்குடிக் கடை | 22 ஜனவரி

ஒலிபெருக்கி கட்டி ஓட்டோ விடுகிற எண்ணம் இருந்தால் பொலிஸ் அனுமதி வேண்டும், வீதியில் பேனர் கட்ட மாநகர சபை, பிரதேச சபை அனுமதி வேண்டும். 48 சாறிக்கு இரண்டும் தேவையில்லை என்பேன்.

தறிச்சத்தம் | 23 ஜனவரி

நேற்று இரவு கலண்டரைத் தரையில் விரித்து வைத்து, வாப்பாவும் உம்மாவும் நானும் ஏப்ரலிலிருந்து ஜனவரிக்கு வந்தோம்.

ஏப்ரல் 14 உடுத்த வேண்டும். 10ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் கடைசிச் சாறி வீட்டில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு சனி, ஞாயிறு, 13 திங்கள் லீவு. 1ஆம் திகதி போயா, 3ஆம் திகதி பெரிய வெள்ளி, இரண்டாலும் கூரியரில் பார்சல் தேங்கும். ஆகவே கடைசிப் பார்சல் ஏப்ரல் 6 காலை. நான்கு நாள் கொடுத்திருக்கிறேன். பிளவுஸ் துண்டுகள் எல்லாம் மார்ச் 19க்குள் போய்விட வேண்டும், பெருநாளுக்கு முன்னமே அக்காவின் மேசையில் இருக்கும். ஆகவே பதிவு மார்ச் 17இல் மூடும். 48 முடிந்தால் அதற்கு முன்னமே மூடுவேன், காக்கா சொன்னதற்காக. வெல்லாவெளி அண்ணன் பக்கத்துக்கு மார்ச் முதல் கிழமையில் தனி விளம்பரம், களுவாஞ்சிக்குடியில் உம்மாவின் கூட்டாளி ஒருவரின் கடையில் எடுத்துக்கொள்ளலாம். சம்பளக்காரருக்கு பெப்ரவரி 16இல் விளம்பரம் தொடங்கும்.

இங்கேதான் இடித்தது. 16இல் விளம்பரம் என்றால் 14இல் போட்டோ. 9ஆம் திகதி பாவு ஏற்றினால் மூன்று தறியிலும் 10ஆம் திகதி முடிய மூன்று சாறி, 12 முடிய இன்னும் மூன்று. ஆறு மாதிரி போதும். 9ஆம் திகதி பாவு என்றால் நூல் 7இல் காய்ந்திருக்க வேண்டும். சாயத்துக்கு ஒன்பது நாள் என்றால் ஜனவரி 30இல் தொட்டியைத் திறக்க வேண்டும். நோன்பு தொடங்கினால் பகலில் வெயிலில் நின்று போட்டோ எடுக்கச் சாச்சி மகளைக் கேட்க எனக்கு மனம் வராது, ஆகவே அதைப் பின்னுக்குத் தள்ளவும் முடியாது. சீமெந்துத்தம்பி சொன்ன ஃபுளோட்டை எண்ணிப் பார்த்தேன். இன்றிலிருந்து 30 வரை ஏழு நாள் இருக்கிறது. அதில் நூல் வர மூன்று. மிச்சம் நான்கு. அந்த நான்கு நாளுக்குள் பஞ்சாங்க நிறம் தெரிய வேண்டும்.

வாப்பா இன்று காலையே பாண்டிருப்பில் தனக்குத் தெரிந்த கோயில் ஐயா ஒருவரைப் பார்த்துக் கேட்கப் போய்விட்டார். நான் அந்த 60 பேரில் 11 பேரைக் கூப்பிட்டுவிட்டேன். ஒருவர், "போன வருடமே உங்களிடம் எடுக்க ஆசைப்பட்டேன் மகள்" என்றார்.

ஊசிநூல் | 23 ஜனவரி

துண்டோடு அளவுப் பிளவுஸ் ஒன்றையும் வைத்து அனுப்பச் சொல்லி நோட்டீஸிலேயே போடுங்கள், போனில் சொல்கிற அளவு ஒருநாளும் சரிவராது. 20 பிளவுஸுக்கு இப்போதே என் கொப்பியில் இடம் ஒதுக்கிவிட்டேன். மார்ச் 19 வியாழக்கிழமை பின்னேரம் வரை கடையில் இருப்பேன்.